கோடைப் பயணத்தில் தங்கும் இடம்: கணவனும் மனைவியும் சேர்ந்து பாருங்கள்



அறுவடை முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. "இந்த வருஷமாவது எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போங்க" என்று வீட்டுக்காரம்மா கேட்பதும், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று வீட்டுக்காரர் சொல்வதும் எல்லா வீட்டிலும் நடக்கிற பேச்சுதான்.

போய்வாருங்கள். வருஷம் முழுக்கக் காட்டிலும் கழனியிலும் பாடுபடுகிற கணவனும் மனைவியும், பிள்ளைகளோடு இரண்டு நாள் மலையைப் பார்த்து, தண்ணீரைப் பார்த்து, சிரித்துப் பேசி வருவது உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது. அது வீண் செலவு அல்ல.

நம் பக்கத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடிப்பார்கள். பாய், பாத்திரம், அரிசி, பருப்பு, ஸ்டவ், தார்ப்பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். சீசனில் லாட்ஜில் இடம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வாடகை கட்டுபடியாவதில்லை. ஆகவே ஆற்றோரத்திலோ, மலைமேல் ஒரு தோப்பிலோ, கூடாரம் போட்டோ தார்ப்பாய் கட்டியோ ஓர் இரவு, இரண்டு இரவு தங்கிவிடுகிறார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் எந்த இடத்தில் தங்குவது என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. "பார்க்க அழகா இருக்கு, இங்கேயே இறக்கு" என்று மூட்டையை இறக்கிவிடுகிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

ஆற்று மணலில் ஓர் இரவு

உங்களைப் போன்ற ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். நான்கு வயதில் ஒரு பையன். மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. சாயங்காலம் ஆற்றங்கரைக்கு வந்து சேர்கிறார்கள். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் வெள்ளை மணல், பக்கத்திலேயே சலசலவென்று தண்ணீர். கணவனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

"இதைவிட நல்ல இடம் வேணுமா? இந்த மணல்லயே தார்ப்பாயைக் கட்டிடுவோம்."

மனைவி சுற்றும் முற்றும் பார்க்கிறாள். "நல்லாத்தாங்க இருக்கு. ஆனா பொழுது சாஞ்சா பொம்பளைங்க எங்க ஒதுங்குறது? குடிக்கிற தண்ணி எங்க? பையன் ராத்திரி எந்திரிச்சு நடந்தான்னா நேரா ஆத்துலதான் போய் விழுவான்."

"ஒரு ராத்திரிதானே புள்ள, சமாளிச்சுக்கலாம்."

அப்போது அந்த வழியாக ஒரு பரிசல்காரப் பெரியவர் வருகிறார். "தம்பி, அந்தப் பாறையைப் பாருங்க. உங்க தலைக்கு மேல புதர்ல சருகும் குச்சியும் சிக்கித் தொங்குதே, அது எப்படி அங்க போச்சு?"

கணவன் நிமிர்ந்து பார்க்கிறார். அது தண்ணீர் கொண்டுவந்து வைத்த சருகு. அந்த உயரத்துக்கு ஆறு வந்து போயிருக்கிறது! மறு பேச்சில்லாமல் மூட்டையைத் தூக்கினார்கள். மேட்டில் இருந்த ஒரு தோப்பில், குழாயும் கழிப்பறையும் இருந்த இடத்தில், ஆளைக் கேட்டு இடம் பிடித்துப் படுத்தார்கள். நடுராத்திரி எங்கோ தூரத்து மலையில் மின்னல் வெட்டியது. இங்கே ஒரு துளி மழை இல்லை. விடிந்து பார்த்தால் அந்த வெள்ளை மணல் இருந்த இடத்தில் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இது கதைதான். ஆனால் இதைப் போல நடக்கும் என்பது நிஜம். 2024-ம் ஆண்டு மே 17-ந் தேதி, சீசன் தொடங்காத கோடை நாளில், பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. உயிர் போன பிறகு என்ன சொல்லி என்ன பயன்?

ஆகவே ஒன்றை மனதில் வையுங்கள். பகலில் பார்க்கிற இடம் வேறு. இரவில் படுக்கிற இடம் வேறு. அழகான இடத்துக்குப் பகலில் நடந்து போய் ஆசை தீரப் பார்க்கலாம். படுக்கிற இடத்தில் தண்ணீரும் கழிப்பிடமும் மேடான தரையும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவை மூன்றும் இருந்து அழகும் இருந்தால் அதிர்ஷ்டம்தான்.

எந்த ஊருக்குப் போவது?

முதலில் குடும்பத்தில் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். அதற்கேற்ற ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

மலைமேல் ஏற ஏறக் குளிர்ச்சி கூடும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 6 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. சேலத்தில் 38 டிகிரி அடிக்கிற மத்தியானத்தில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் ஏறக்குறைய 30 டிகிரிதான் இருக்கும். சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரியிலும் கோடை தணிவாகவே இருக்கும். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே சித்திரை மாதத்திலும் இரவில் 15 டிகிரிக்குக் கீழே போய்விடும். பருத்திப் புடவையோடும் ஒரு துண்டோடும் அங்கே கூடாரத்தில் படுக்க முடியாது. கைக்குழந்தையும் வயதான அம்மா அப்பாவும் உடன் வந்தால், ஏற்காடு, ஏலகிரி போன்ற நடுத்தர உயரமே நல்லது.

பாதையையும் கணக்கில் எடுங்கள். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. கொல்லிமலைக்கு 70! வளைவுக்கு வளைவு குழந்தைகளுக்கு வாந்தி வரும். கர்ப்பிணிக்கும் தலைசுற்றல் வரும். கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவி மிக அழகானது. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போய், திரும்ப அத்தனையும் ஏறி வரவேண்டும். இருதய நோய் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், கைப்பிள்ளைக்காரிகளுக்கும் அது ஏற்றதல்ல.

காலமும் முக்கியம். குற்றாலத்துக்குச் சீசன் ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழையோடு தொடங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் பாறைதான் தெரியும். செலவு செய்து போய் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வராதீர்கள். அந்தச் சமயத்தில் பெய்கிற இடிமழையில் வருகிற வெள்ளமோ முன்னறிவிப்பு இல்லாமல் வரும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு 2024-ம் ஆண்டு மே மாதத்தில் இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. கிளம்புவதற்கு முன்பு விவரம் விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு பாதி வழியில் நிற்க வேண்டாம்.

தங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை

பொழுது இருக்கும்போதே, மாலை 4 மணிக்குள் இடத்துக்குப் போய்ச் சேருங்கள். இருட்டிய பிறகு வந்தால் எல்லா இடமும் ஒரே மாதிரிதான் தெரியும். மூட்டையை வண்டியிலிருந்து இறக்காதீர்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து கால் மணி நேரம் சுற்றி நடந்து வாருங்கள். கீழே சொல்லியிருப்பதை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. குடிதண்ணீர்

ஆற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. மேலே எந்த ஊர்க் கழிவு கலந்தது, எந்த மாடு இறங்கியது என்று நமக்குத் தெரியாது. பேதி, காமாலை, டைபாய்டு எல்லாம் இந்தத் தெளிந்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் வருகின்றன. ஊராட்சிக் குழாயோ, கைப்பம்போ பக்கத்தில் உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். எந்தத் தண்ணீராக இருந்தாலும் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மூடிய பாத்திரத்தில் வைத்துக் குடியுங்கள். குடத்துக்குள் கை விட்டு மொள்ளாதீர்கள். பிடி நீளமான கரண்டியோ, குழாய் வைத்த கேனோ உபயோகியுங்கள்.

2. கழிப்பிடம்

ஆண்கள் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. பெண்களைக் கேட்டால்தான் தெரியும். ஒதுங்க இடம் இல்லையென்றால் பெண்கள் என்ன செய்கிறார்கள்? காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். சிறுநீரை அடக்கிக்கொள்கிறார்கள். வெயில் காலத்தில் இப்படிச் செய்தால் நீர்க்கடுப்பு வரும், காய்ச்சல் வரும். கர்ப்பிணிக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் குறைமாதத்திலேயே பிரசவ வலி கண்டுவிடக்கூடும். ஒரு நாள் சமாளிப்பு என்று நினைத்தது குழந்தையின் உயிருக்கே வினையாகலாம்.

ஆகவே கதவும் தாழ்ப்பாளும் விளக்கும் உள்ள கழிப்பறை இருக்கும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். கட்டணம் கேட்டால் கொடுங்கள். வேறு வழியே இல்லையென்றால், ஆறு, ஓடை, கிணறு இவற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர், அதாவது 100 அடி தள்ளி, தண்ணீர் எடுக்கும் இடத்துக்குத் தாழ்வான பக்கத்தில் குழி தோண்டி, உபயோகித்த பின் மண் போட்டு மூடுங்கள். தனித் துணியால் மறைப்புக் கட்டுங்கள். இருட்டில் பெண்கள் தனியாகப் போக வேண்டாம். கணவன் டார்ச் லைட்டோடு துணைக்குப் போகவேண்டும். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வந்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

3. வெள்ளம் வந்த தடம்

ஆற்று மணலிலும், நடு ஆற்றுத் திட்டிலும், காய்ந்த ஓடையிலும் ஒருபோதும் படுக்காதீர்கள். பாறையிலும் புதரிலும் சருகு, குச்சி, பழந்துணி சிக்கியிருக்கும் உயரத்தைப் பாருங்கள். அதற்கும் மேலே மேட்டில்தான் பாய் விரிக்க வேண்டும்.

தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், மேலே 'ஹோ'வென்று இரைச்சல் கேட்டால், சாமானைப் பார்க்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள். தண்ணீர் சில நிமிஷங்களில் ஆளுயரம் ஏறிவிடும். அணை உள்ள ஆற்றில் மழை இல்லாமலேயே தண்ணீர் திறந்துவிடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒகேனக்கல்லில் காவிரியில் நீர்வரத்து கூடும்போது குளிக்கவும் பரிசல் விடவும் தடை போடுவார்கள். அந்தத் தடையை மீறிப் போகாதீர்கள். பரிசலில் ஏறினால் மிதவைச் சட்டை போட்டுத்தான் ஏறவேண்டும். குழந்தைக்கும் போடுங்கள். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. மணல் அள்ளிய பள்ளம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும்வரை சின்னப் பிள்ளை கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். "அண்ணன் பார்த்துக்குவான்" என்று ஏழு வயதுப் பையனிடம் மூன்று வயதுப் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

4. படுக்கும் தரை

புல்லும் புதரும் மண்டிய இடம், கற்குவியல், விறகுக்கட்டு, எலிவளை, புற்று இவற்றுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டாம். வெட்டவெளியான, மட்டமான, காய்ந்த தரையாகப் பாருங்கள். புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடித்து உண்ணிக் காய்ச்சல் வருகிறது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் புண் இருக்கும். ஊருக்குத் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், "மலைக்குப் போய்த் தங்கினோம்" என்று டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். சீக்கிரம் தெரிந்தால் மாத்திரையிலேயே குணமாகும்.

கட்டுவிரியன் இரவில் நடமாடுகிற பாம்பு. தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். கடித்தது பல சமயம் தெரியவே தெரியாது. வலியும் இருக்காது, தடமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலியும், கண் இமை செருகுவதும்தான் அடையாளம். இதற்கு எளிமையான காவல் கொசுவலைதான். கொசுவலையைக் கட்டி, நாலு ஓரத்தையும் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் கொசுவும் வராது, பாம்பும் தேளும் வராது. ஒரு செலவில் இரண்டு காவல்!

பாம்பு கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள். கத்தியால் கீறாதீர்கள். வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தை வீணாக்காதீர்கள். வளையல், மோதிரம், மெட்டி இவற்றைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை ஆட்டாமல் கட்டை வைத்துக் கட்டி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு பாம்புக்கடி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள்.

5. தலைக்கு மேலே

தென்னை மரத்தடியில் படுக்காதீர்கள். நிழல் தருகிற மரம் காயையும் மட்டையையும் தலையில் போடும். காய்ந்த கிளை உள்ள மரத்தடியும் வேண்டாம். மரத்திலும் பாறையிலும் மலைத்தேன்கூடு தொங்குகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். அடுப்புப் புகை போனால் தேனீக்கள் கூட்டமாகக் கிளம்பிக் கொட்டும். கோடை மழை இடியோடு வருகிற மழை. இடிச்சத்தம் கேட்டால் மரத்தடிக்கோ, கூடாரத்துக்கோ ஓடாதீர்கள். கெட்டிக் கட்டடத்துக்குள்ளோ, வேனுக்குள்ளோ போய் உட்காருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள்.

6. காடும் மிருகமும்

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் தங்குவதும் தீ மூட்டுவதும் குற்றம். அதைவிடப் பெரிய காரணம் உங்கள் உயிர். கோடையில் காட்டுக் குட்டைகள் வற்றிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காடுகளில் யானைகள் தண்ணீர் தேடிக் காவிரிக்கு இறங்கும். அவை வருகிற தடத்தில் நாம் தார்ப்பாய் கட்டினால் யார் விலகுவது? வனத்துறை அனுமதித்த இடத்தில், ஊர் மக்கள் நடமாட்டம் உள்ள இடத்தில் மட்டுமே தங்குங்கள்.

கோடைக்காலத்தில் புல் காய்ந்த மலையில் ஒரு நெருப்புப் பொறி போதும். 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். காய்ந்த புல் சூழ்ந்த சரிவில் தங்காதீர்கள். அடுப்பை மண் தரையில், சுற்றிலும் சருகு கூட்டித் தள்ளிய இடத்தில் வையுங்கள். கிளம்பும்போது தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுப் பார்த்து, சூடு ஆறியபின் கிளம்புங்கள். பீடித் துண்டை வீசுகிற பழக்கமும் வேண்டாம்.

7. அடுப்புப் புகை

மலைக்குளிரில் பிள்ளைக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று கரி அடுப்பையோ, நெருப்புச் சட்டியையோ கூடாரத்துக்குள், மூடிய அறைக்குள் வைக்கிறார்கள். இது கொலைக்குச் சமம். எரிகிற கரியிலிருந்து வருகிற நச்சுவாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே இறந்துபோவார்கள். குளிருக்குக் கம்பளி, தொப்பி, காலுறை. நெருப்பு வெளியே மட்டும்.

8. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

தங்கும் இடத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது, வண்டி ராத்திரியிலும் வருமா, போன் பேசச் சிக்னல் கிடைக்கிறதா என்று உள்ளூர்க்காரரைக் கேளுங்கள். ஆபத்துக்கு 108 ஆம்புலன்ஸ். கூப்பிட்டால் இடம் சொல்லத் தெரிய வேண்டும். ஆகவே தங்கும் இடத்தின் ஊர்ப் பெயரையும் பக்கத்தில் உள்ள கோயில், பள்ளிக்கூடம் போன்ற அடையாளத்தையும் எல்லாப் பெரியவர்களும் தெரிந்து வைத்திருங்கள். வேன் டிரைவரும் பக்கத்திலேயே படுக்கட்டும்.

கர்ப்பிணியும் கைக்குழந்தையும்

"மாசமா இருக்கேன், நான் வரலாமா?" என்று பல பெண்கள் கேட்கிறார்கள். வேறு சிக்கல் இல்லாத கர்ப்பிணி, நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை, நல்ல ரோட்டில், அளவான தூரம் போய்வரலாம். முன்னதாகக் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தப்போக்கு, இரத்தக்கொதிப்பு, கடும் இரத்தசோகை உள்ளவர்களும், நிறைமாதக்காரிகளும் போக வேண்டாம். போகிறவர்கள் கர்ப்பகால அட்டையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்திச் சற்று நடக்க வேண்டும். இரத்தம் பட்டாலோ, பனிக்குட நீர் கசிந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, பயணத்தை அங்கேயே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். "எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, நாம ஏன் கெடுக்கணும்" என்று அடக்கிக்கொள்ளாதீர்கள்.

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். எவ்வளவு வெயிலானாலும் தண்ணீர்கூட வேண்டாம். தாய் நிறையத் தண்ணீர் குடித்தால் போதும். ஆகவே தாய் மறைவாக உட்கார்ந்து பால் கொடுக்க நிழலான இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரவில் குழந்தையைத் தாயின் உடம்போடு அணைத்து, தலைக்குத் தொப்பி போட்டுக் காப்பாற்றுங்கள்.

பேதி கண்டால்

பேதி கண்ட குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொடுக்கலாம். அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்தாலோ, சோர்ந்து துவண்டாலோ, மலத்தில் இரத்தம் பட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தம்பதியர் கேட்கும் கேள்விகள்

*"ஆத்தோரமா தங்காம, அப்புறம் எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?"*

ஆற்றைப் பார்க்கத்தான் போகிறோம். பகல் முழுதும் பாருங்கள், குளியுங்கள், மீன் வறுத்துச் சாப்பிடுங்கள். படுக்க மட்டும் மேட்டுக்கு வந்துவிடுங்கள். மேட்டிலிருந்து விடியற்காலையில் பார்த்தால் ஆறு இன்னும் அழகாகத் தெரியும்!

*"கழிப்பறை உள்ள இடத்துக்கு வாடகை கூட ஆகுதே?"*

இரண்டு நாள் தங்குவதை ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் கழிப்பறையும் உள்ள இடத்தில் ஒரு நாள் தங்குவது, இல்லாத இடத்தில் இரண்டு நாள் தவிப்பதைவிட மேல். பேதியோ காய்ச்சலோ வந்தால் ஆகிற செலவு வாடகையைவிட அதிகம்.

*"எங்க வீட்டுக்காரர் நான் சொன்னா கேட்கமாட்டாரு. என்ன செய்யறது?"*

ஐயா, இந்தப் பதில் உங்களுக்கு. தண்ணீர் எடுப்பவள் அவள். சமைப்பவள் அவள். பிள்ளையை ராத்திரி எழுப்பி வெளியே கூட்டிப்போகிறவள் அவள். அந்த இடம் சரியா இல்லையா என்று அவளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். இடம் பார்ப்பதில் மனைவியின் சொல்லுக்குப் பாதிப் பங்கு கொடுங்கள். அவள் "வேண்டாம்" என்றால் இன்னும் ஒரு மைல் போய்ப் பாருங்கள். குறைந்துபோக மாட்டீர்கள்.

பையில் எடுத்துவைக்க

கொசுவலை, தார்ப்பாய், டார்ச் லைட், சோப்பு, மூடியுள்ள தண்ணீர்க் கேன், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், காய்ச்சல் மாத்திரை, புண்ணுக்குக் களிம்பும் துணியும், மாதவிலக்குத் துணி அல்லது நாப்கின். சர்க்கரை வியாதி, இரத்தக்கொதிப்பு மாத்திரைகளையும், தினம் ஒன்றாகச் சாப்பிடுகிற கருத்தடை மாத்திரையையும் பயண நாளில் விட்டுவிடாமல் எடுத்துப் போங்கள். ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பை, தட்டு, டம்ளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. எவர்சில்வர்ப் பாத்திரமும் துணிப்பையும் எடுத்துப் போங்கள். சோற்றையும் எலும்பையும் சுற்றிலும் எறிந்தால் எலி வரும். எலிக்குப் பின்னால் பாம்பு வரும். குப்பையைக் கட்டி எடுத்து வாருங்கள்.

மூட்டையை இறக்கும் முன் எட்டுக் கேள்விகள்

1. குடிக்க நல்ல தண்ணீர் உண்டா?
2. பெண்கள் பயமில்லாமல் போக கழிப்பிடம் உண்டா?
3. வெள்ளம் வந்த தடத்துக்கு மேலே இருக்கிறோமா?
4. தரையில் புதர், புற்று, கற்குவியல் இல்லையே?
5. தலைக்கு மேலே காய்ந்த கிளை, தேன்கூடு இல்லையே?
6. அனுமதி உள்ள இடம்தானா? பக்கத்தில் மனிதர் உண்டா?
7. அடுப்பு வைக்கத் தனி இடம் உண்டா?
8. ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போக வழி உண்டா?

முதல் மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் அந்த இடம் வேண்டாம். மற்றவற்றில் ஒன்று குறைந்தால் சரி செய்யப் பாருங்கள். சரி செய்ய முடியாவிட்டால் வண்டியை எடுங்கள்.

தம்பதியரே! போகும்போது வேனில் எத்தனை பேர் ஏறினார்களோ, திரும்பும்போதும் அத்தனை பேரும் சிரித்த முகத்தோடு வீட்டு வாசலில் இறங்க வேண்டும். அதற்கு வேண்டியது கால் மணி நேரம்தான். இருவரும் சேர்ந்து நடந்து பாருங்கள், இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

பகலில் அழகைப் பாருங்கள்! இரவில் பத்திரம் பாருங்கள்!

மேலும் விவரம் வேண்டுவோர் தங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரையோ, அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகவும். இதைப் படித்தபின் பக்கத்து வீட்டாருக்கும் படிக்கக் கொடுங்கள்.